பியூலா சொன்ன ஆமென்

ரயில் கிளம்பிவிட்டது, உச்சிக்கு அரை மணி நேரம் என்கிறான் பியூலாவின் கணவன் அன்ரன், அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்காதா, முப்பத்தைந்து வருஷம் ஞாயிறு தவறாமல் பிரசங்க பீடத்தில் ஏறியவனுக்கு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் புது வீட்டுக்கும் புதுக் கிணற்றுக்கும் கேட்ட மாத்திரத்தில் சொல் வந்து விழுந்தவனுக்கு, எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் தங்கச்சி மகள் பியூலாவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம். சிவப்புப் பெட்டி, மர இருக்கை, பெரிய பெரிய ஜன்னல். தண்டவாளங்களுக்கு நடுவில் ஏணிப்படி மாதிரி இரும்புப் பற்கள் போட்டிருக்கிறார்கள், வண்டிக்கு அடியில் ஒரு பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே போகிறது, கவ்வும் ஒவ்வொரு முறையும் என் முதுகெலும்பில் ஒரு சின்னத் தட்டு. நான் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். யோசிக்காமல் உட்கார்ந்தது. அதனால் வண்டி ஏற ஏற என் உடம்பு முன்னால் சரிகிறது, பியூலாவின் பக்கமாக, அவள் மேல் விழுந்துவிடாமல் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு இருக்கிறேன். அவள் மலையைப் பார்க்கிறாள், நான் ஏரியைப் பார்க்கிறேன். சற்று முன் நாங்கள் படகில் வந்த ஏரி இப்போதே தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. "மாமா, பயப்பிடாதேங்கோ," என்கிறான் அன்ரன். "நூற்றைம்பது வருசமா ஏறி இறங்கிற வண்டி. இண்டைக்கு எங்களுக்கெண்டு ஒண்டும் புதுசாச் செய்யாது." பக்கத்தில் என் மனைவி எப்சிபா என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறாள், "அவுக பயப்படல தம்பி. காலையில போட்ட மாத்திரை, அது கொஞ்சம் அப்படித்தான் செய்யும்." மாத்திரை. நாற்பது வருஷமாக என்னை ஜனங்களிடமிருந்து காப்பாற்றுகிறவள். ஜனங்களிடமிருந்து மட்டும்தான் என்று இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை ஏழரைக்கு எனக்குத் தெரியாது. ஏழே முக்காலுக்குத் தெரியும். நடுவில் இருந்த அந்தக் கால் மணியை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பியூலாவும் அன்ரனும் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார்கள். எப்சிபா நாளைக்கு நான் ஆராதனையில் போடவேண்டிய வெள்ளை அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், சாப்பாட்டு மேஜையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு. நான் பயணத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு தம்பி மூன்று பத்தியாக அடித்துக் கொடுத்த தாள், ஊழியம், உறவினர், சுற்றிப்பார்த்தல் என்று தலைப்புப் போட்டு. பாரிசில் இரண்டு கூட்டம், சுவிஸில் பேசல் நகரத்தில் ஒரு கூட்டம், வெள்ளிக்கிழமை இந்த லூசேர்னில் பியூலா வீட்டில் ஜெபக் கூட்டம், சனிக்கிழமை மூன்றாம் பத்தி, ரீகி மலை, ஞாயிறு மத்தியானம் ஆராதனை, அது முடிந்ததும் நேரே ஸ்டேஷனுக்கு, ஜெர்மனிக்கு. நான் சொன்னேன், "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பியூலாவையும் மாப்பிள்ளையையும் முன்னால வரவழைச்சு ஒரு விசேஷ ஜெபம் வைக்கணும். சபையார் எல்லாரும் கையை நீட்டி, பிள்ளைக்காக." எப்சிபா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அது வேண்டாம்." "ஏன்?" "வேண்டாம்னா விடுங்களேன்." "ஊழியத்துல நீ குறுக்க வராத." அப்படித்தான் சொன்னேன், அதே குரலில், எனக்குக் கேட்கிறது. அவள் சுவிட்சை அணைத்தாள், வயரைச் சுருட்டினாள், சூடாக இருக்கும்போதே சுருட்டினாள், அப்படி ஒருநாளும் செய்யமாட்டாள். "அவளுக்குப் பிள்ள பொறந்துச்சுங்க. பொம்பளப் பிள்ள. ஏழாம் மாசத்துலயே வந்துட்டு. நாலு நாள் இருந்துச்சு. இங்கதான் அடக்கம் பண்ணியிருக்காவ. இனி அவளுக்கு ஆகாதுன்னு டாக்டரும் சொல்லியாச்சு." எப்போது என்று கேட்டேனா, நினைவில்லை, கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் பதில் சொன்னாள், "நீங்க பைபாஸ் பண்ணிப் படுத்திருந்தப்பதான். அஞ்சு வருஷம் ஆச்சு." அப்போது கதவில் சாவி திரும்பியது, பியூலா உள்ளே வந்து, "மாமா, சூடா ரொட்டி," என்றாள்.

நேற்று, வெள்ளிக்கிழமை சாயந்தரம் என்ன செய்தேன். என்னதான் செய்தேன். யாரும் பார்க்காத இடத்தில் அதை ஒரு தரம் நேராகப் பார்த்துவிட வேண்டும், இந்த மரங்கள் எல்லாம் நேராக நின்று கீழே போவதைப் பார்ப்பது போல. வாசலில் செருப்பும் பூட்சுமாக இருபத்திரண்டு சோடி, நான் எண்ணினேன், கூட்டத்தை எண்ணுவது போதகர்களுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஐயர்மாருக்கு, விடாத பழக்கம். கூடத்தில் ஜமுக்காளம். கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல் மெதுவாகப் பாட்டு. நல்ல ஜனங்கள், பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக்காரர்கள், குளிரில் வேலை முடிந்து வந்த களைப்போடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் ஒரு ஜெப நோட்டு உண்டு, பெயரும் அதற்கு எதிரே விண்ணப்பமும் எழுதி, தினமும் காலை நாலரை மணிக்கு அதைத் திறந்து ஜெபிப்பேன், விண்ணப்பம் கேட்கப்பட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவேன், கோடு போடாதது போடாததாகவே நிற்கும். பியூலாவுக்கு எதிரே ஒன்பது வருஷத்துக்கு முன், நானே அவர்களுக்குக் கல்யாணம் நடத்திவைத்த மாதம் எழுதியது, பிள்ளை பாக்கியம். கோடு இல்லை. அதை வைத்துக்கொண்டு அந்த இருபத்திரண்டு பேர் நடுவில் நான் எழுந்து நின்றேன். "இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஒன்பது வருஷமாக ஒருநாள் விடாமல் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், இப்போது மறைத்து என்ன. பியூலாவைக் கூப்பிட்டு முழங்காலில் நிற்கச் சொன்னேன். தலையில் கையை வைத்தேன். தொட்டிலைப் பற்றிச் சொன்னேன், இந்தக் கூடத்தில் சின்னக் கால்கள் ஓடவேண்டும் என்று சொன்னேன், அடுத்த வருஷம் வரும்போது பேரப்பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும் என்று சொன்னேன். வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் ஜனங்களிடமிருந்து ஒரு சத்தம் எழும், ஸ்தோத்திரம் என்றோ ஆண்டவரே என்றோ. நேற்று எழவில்லை. பயபக்தி என்று எடுத்துக்கொண்டேன். அந்த இருபத்திரண்டு பேரும் அந்தப் பிள்ளையின் குழியைச் சுற்றி நின்றவர்கள். கடைசியில், யாருமே சொல்லாமல் இருந்தபோது, என் உள்ளங்கைக்கு அடியிலிருந்து பியூலா மட்டும் சொன்னாள், ஆமென்.

அந்த ஆமெனை என்னால் தாண்ட முடியவில்லை. படகில் ஒரு மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன், இப்போது இந்தப் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எதற்குச் சொன்னாள். கீழ்ப்படிந்து சொன்னாளா, நான் ஐயர், நான் மாமா, நான் முடித்தால் அவள் ஆமென் சொல்ல வேண்டும் என்று. இல்லை, என்மேல் இரக்கப்பட்டா, பாவம் கிழவர், ஒன்றும் தெரியாமல் நிற்கிறார், இவரை இத்தனை பேர் முன் தனியாக விடக்கூடாது என்று. அல்லது கசந்துபோய்ச் சொன்னதா. அல்லது, இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, நிஜமாகவே சொன்னதா, டாக்டர் சொன்னதற்குப் பிறகும் அவளுக்குள்ளே ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் அணைத்து வைத்திருந்த ஆசையை நான் போய்க் கையால் கிளறிவிட்டேனா. எதிரே உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயது. காதோரம் நரை. முதியோர் இல்லத்தில் நர்சு, நகங்களை ஒட்ட வெட்டியிருக்கிறாள், கையில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிய பை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, காது அடைக்கா? எச்சிலை விழுங்குங்க, சரியாப் போகும்," என்கிறாள். விழுங்குகிறேன். காது திறந்து சத்தமெல்லாம் பெரிதாகிறது, பின் இருக்கையில் ஒரு குடும்பம் ஏதோ பாஷையில் சிரிக்கிறது, எங்கோ மாட்டின் கழுத்து மணி.

எப்சிபாவின் மேல் கோபப்பட வேண்டும். நியாயமான கோபம்தான், ஐந்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில். படகுத்துறையில் அன்ரன் டிக்கெட் எடுக்கப் போய், பியூலாவும் அவனோடு போன அந்த இரண்டு நிமிஷத்தில் கேட்டேன், "ஏன் என்கிட்ட சொல்லல?" "உங்க தங்கச்சி சொர்ணம்தான் சொல்ல வேண்டாம்னா. அண்ணனுக்கு நெஞ்சைப் பொளந்து தைச்சிருக்கு, இந்தச் செய்தியை அவர் தாங்க மாட்டார், கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னா. கொஞ்ச நாள் போச்சு. அப்புறம் எந்த நாள்ல சொல்ல? நீங்களே சொல்லுங்க, எந்த நாள்ல சொல்லியிருக்கலாம்?" பிள்ளை உண்டானதையே ஏழாம் மாதம் தாண்டட்டும், மாமாவிடம் நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தார்களாம், அது தாண்டவில்லை, சொல்ல வேண்டிய செய்தி இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எப்சிபா எனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தது நினைவு வருகிறது. கட்டில் ஓரம் முக்காலி, மடியில் பழைய பேப்பர், சுளையில் கொட்டையை நகத்தால் எடுக்கிறாள், கண் இரண்டும் சிவந்து வீங்கியிருக்கிறது. எனக்காக அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவளுக்கு நம்மேல் இவ்வளவா என்று. கண்ணை மூடிக்கொண்டு சுளையைச் சப்பினேன். அவள் அங்கே அழுதது வேறொரு கட்டிலுக்கு, நாலாயிரம் மைலுக்கு அப்பால், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு நாள் கிடந்து போய்விட்ட ஒன்றுக்கு, என்னிடம் சொல்ல முடியாமல், என் தலைமாட்டில் உட்கார்ந்து. கோபப்பட வேண்டும். அவள் கையைப் பார்க்கிறேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது. உயரம் என்றால் அவளுக்கும் பயம், நான்தான் கவனிக்கவில்லை.

ஒரு கணக்கு வந்து பிடித்துக்கொண்டது, விடமாட்டேன் என்கிறது. ஐந்து வருஷம், ஒரு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து காலை, ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. இத்தனை காலை நான் எழுந்து, வந்துபோன பிள்ளையை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஆஸ்பத்திரி நாட்களைக் கழிக்க வேண்டும். கழிக்கப் போய்த்தான் கண்டுபிடித்தேன், அதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். படகுத்துறையில் எப்சிபாவிடம் கேட்டேன், எந்தக் கிழமை என்று. ஆப்பரேஷன் எனக்குத் திங்கட்கிழமை. அன்றைக்கே சாயந்தரம் பிள்ளை. வெள்ளிக்கிழமை அதிகாலை முடிந்தது. திங்கள் காலை நாலரைக்கு என்னை ஆப்பரேஷனுக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், பிறகு மயக்கம், குழாய், மறுபடி மயக்கம். சனிக்கிழமை காலை கண் தெளிந்து, நாக்கு வறண்டு, நோட்டு இல்லாமலே மனதுக்குள் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாலைந்து பெயருக்குள் பியூலா. ஆண்டவரே, இவளுக்கு ஒரு பிள்ளையைத் தாரும். ஒன்பது வருஷத்தில் நான் கேட்காமல் விட்டது அந்த நாட்கள் மட்டும்தான். அந்தப் பிள்ளை இருந்த நாட்கள் மட்டும். நிறுத்து. இதை அவளிடம் சொல்லக் கூடாது. இதைச் சொன்னால் அவள் உடனே என்னைத் தேற்ற ஆரம்பிப்பாள், "மாமா, அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று, தண்ணீர் கொடுப்பாள், மாத்திரை எடுப்பாள், நர்சு அல்லவா, நான் நோயாளியாகிவிடுவேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளக் கூடாது.

வண்டி நிற்கிறது. நடுவழி நிலையம். முதுகில் பையும் கையில் ஊன்றுகோலுமாக இரண்டு பேர் இறங்குகிறார்கள், டிக்கெட் பார்க்கிறவர் சிரித்த முகமாக வந்து போகிறார். மறுபடி கவ்வுகிறது. பாதி வழி போய்விட்டது, வாக்கியம் இல்லை. என்னிடம் சாவு வீட்டுக்கென்று மூன்று வாக்கியங்கள் இருந்தன. வேண்டுமென்றே சேர்த்து வைத்தவை இல்லை, சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்டவை. ஒருமுறை, சாயர்புரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நான் இளவயது ஐயராக இருந்தபோது, கிணற்றில் விழுந்த பிள்ளையை எடுத்துக் கிடத்தியிருந்தார்கள், ஈரம்கூடக் காயவில்லை. நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். தாய்க்காரி நிமிர்ந்து பார்த்து, சண்டையாக இல்லை, வெறுமனே சொன்னாள், "ஐயரே, அதை நாளைக்குச் சொல்லுங்க." மறுநாள் நான் போகவில்லை. வேறு ஊரில் ஸ்தோத்திரக் கூட்டம் இருந்தது. அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகும் முப்பது வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், வேறு வேறு வீடுகளில். இப்போது அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, பியூலாவின் முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. மகளே என்று ஆரம்பிக்கலாமா. அது கூட்டத்தில் எல்லாரையும் கூப்பிடுகிற சொல். எனக்குத் தெரியாது என்று ஆரம்பிக்கலாமா. அது தப்பித்துக்கொள்கிற பேச்சு. தெரியாதுதான், ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒருதரம், "என்ன பியூலா, எப்படி இருக்க" என்று போனில் கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒரு நிமிஷம் காத்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. நான் காத்திருக்க மாட்டேன். "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

"இந்தப் பக்கம் பாருங்கோ மாமி, பனி," என்று அன்ரன் எப்சிபாவுக்குக் காட்டுகிறான். மரங்கள் நின்றுபோய் வெறும் புல்லும், புல்லுக்கு மேல் வெள்ளையும். "மாமா, இஞ்ச பாருங்கோ. ஒரு போட்டோ." செல்போனைத் தூக்குகிறான். "சிரியுங்கோ. சபைக்குக் காட்டவேணும் எல்லோ, ஐயர் சுவிசில மலை ஏறினவர் எண்டு. சிரிக்காட்டி ஏதோ நாங்கள் சாப்பாடு தரேல்லை எண்டு நினைப்பினம்." எப்சிபா சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன், படத்தில் அது எப்படி விழும் என்று தெரியாது. இவனும் ஒரு தகப்பன். மூன்று நாளாக என் பெட்டியைத் தூக்குகிறான், என் கால்மேஜோட்டை ஹீட்டரில் காயப் போடுகிறான், வெள்ளிக்கிழமை நான் தொட்டில் தொட்டில் என்று முழங்கியபோது கதவருகே நின்று, தன் கையில் இருந்த தேநீர்த் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான், அந்தக் கோப்பைகள் லேசாகச் சத்தம் போட்டன, அந்தச் சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. இடைஞ்சலாக இருந்தது எனக்கு.

உச்சி. எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், வாக்கியம் இல்லாமலே கதவு திறந்துவிட்டது, குளிர் உள்ளே வந்து மூக்கைப் பிடிக்கிறது. நிலையத்திலிருந்து மேட்டுக்கு ஒரு பாதை, பத்து நிமிஷ நடை, ஆனால் ஏற்றம். அன்ரன் எப்சிபாவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான், அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு பியூலாவைப் பார்த்தாள், "நாங்க முன்னால போறோம். நீங்க மெள்ள வாங்க," என்று சொல்லிவிட்டு அவசரமே இல்லாதவள் அவசரமாக நடந்தாள். பியூலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து எட்டு வைத்தோம். நெஞ்சு தைத்த இடத்தில் இறுக்குகிறது, குளிர்தான், வேறொன்றும் இல்லை, இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு ஆராதனை, ஸ்டேஷன், ஜெர்மனி, பிறகு போனில் உனக்காக ஜெபிக்கிறேன். நின்றேன். "பியூலா, எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்," என்றேன். வாக்கியம் அவ்வளவுதான் இருந்தது. அவள் என்ன என்று கேட்கவில்லை. "அத்தை மூஞ்சியைப் பாத்ததுமே நினைச்சேன்," என்றாள். "நேத்து நான் உன்னை எல்லார் முன்னாலயும் அப்படி..." "நீங்க நல்லதுக்குத்தான மாமா கேட்டீங்க." "இல்ல. நீ ஆமென்னு சொன்ன பாரு." அவள் கொஞ்சம் சிரித்தாள். "அது தானா வந்துட்டு மாமா. அம்மா வளத்த வளப்பு. யார் ஜெபிச்சு முடிச்சாலும் வாய் சொல்லிரும். பஸ்ல பக்கத்து சீட்ல யாரும் ஜெபிச்சாக்கூடச் சொல்லிருவேன்." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதை விடுங்க. நான் உங்ககிட்ட வேற ஒன்னு கேக்கணும். அஞ்சு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். அம்மா உங்க நெஞ்சுக்காகத்தான் மறைச்சா. ஆனா அப்புறமும் சொல்ல வேண்டாம்னு அத்தைகிட்ட கெஞ்சினது நான்தான். சொன்னா நீங்க போன் பண்ணுவீங்க, பண்ணினா நான் இதைக் கேக்கணும், கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயம்."

என்ன பயம், என்னிடம் என்ன பயம், நான் அவளை ஒருநாள் அதட்டியதுகூட இல்லையே. அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், ரிப்போர்ட் எழுதுகிற நர்சு மாதிரி வரிசையாகச் சொன்னாள். வியாழக்கிழமை ராத்திரி ஷிப்டு டாக்டர், இனி நம்ப வேண்டாம் என்றாராம். குருவானவருக்குப் போன் பண்ண அன்ரன் வெளியே போனானாம். அதற்குள் பிள்ளையின் நிறம் மாறிவிட்டதாம். "குருவானவர் வந்து ஞானஸ்நானம் குடுக்கட்டும்னு நிக்க நேரமில்ல மாமா. அங்க சின்னப் பாட்டில்ல சுத்தமான தண்ணி இருந்துச்சு. கையில ஊத்தி, கண்ணாடிப் பெட்டியில கை விடுற ஓட்டை வழியா, நெத்தியில வச்சேன். அந்த நெத்தி ஒரு விரல் அகலம்தான் இருக்கும். பேரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு முழுக்கச் சொல்ல வந்தேன், பிதாவின்னு சொன்னேன். உடனே மெஷின்ல அலாரம் அடிச்சுட்டு. வேலைப் பழக்கம் மாமா, கையை வெளியே எடுத்து அதை அமத்திட்டேன். அமத்தினதுக்கு அப்புறம்தான் நினைவு வந்து, மறுபடி கையை உள்ள விட்டு, மீதியைச் சொன்னேன். முதல்லேருந்து சொல்லல. மீதியை மட்டும்தான் சொன்னேன். குருவானவர் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சுட்டு." நின்றாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது, நம்ம கோயில்ல ஒரு ஞானஸ்நானம், நீங்க பாதியில நிறுத்திட்டு முதல்லேருந்து எல்லாத்தையும் திரும்ப ஆரம்பிச்சீங்க. நான் முன்னால பாய்ல உக்காந்திருந்தேன். பாதியில நின்னா செல்லாது போலன்னு அன்னைக்கு மனசுல பட்டுட்டு. அதான் மாமா. நான் குடுத்தது செல்லுமா?"

எனக்கு அந்த நாள் தெரிந்தது. ஒரு ஞாயிறு, மார்கழி. கோயிலைத் திறந்து மணியடித்துத் தண்ணீர் எடுத்து வைக்கிற பொன்னையா அன்றைக்கு ஞானஸ்நானக் கல்தொட்டியில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டான். நான் பிள்ளையைக் கையில் வாங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே கையை விடுகிறேன், வெறும் கல். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் வருகிறவரை எல்லாரையும் உட்கார வைத்து, பொன்னையாவுக்கு ஒரு பாடம் ஆகட்டும் என்று, முதல் பக்கத்திலிருந்து மறுபடி நடத்தினேன். பொன்னையாவுக்கு நடத்தியதை ஒரு பத்து வயதுப் பிள்ளை பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டு, இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால், ஐயோ ஆண்டவரே. "அன்னைக்குத் தொட்டியில தண்ணி இல்ல பியூலா," என்றேன். "தண்ணியே இல்ல. அதனாலதான் திரும்ப. உன் கையில தண்ணி இருந்துச்சு." அவள் என் முகத்தையே பார்த்தாள். "பாதியில நிக்கிறதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. நான் குடுத்ததுல பாதி, நடுவுல நின்னதுதான். பிள்ள தும்மும், நிப்பேன். மைக்கு ஊளையிடும், நிப்பேன். ஒருக்க ஒரு பய என் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழ போட்டுட்டான், அதைத் தேடி எடுத்து மாட்டிட்டு வந்துதான் குமாரன்னு சொன்னேன். அவன் இப்பம் ராணுவத்துல இருக்கான்." அவள் சிரிக்கவில்லை. "எனக்காகச் சும்மா சொல்லலையே மாமா?" "ஆபத்து நேரத்துல, தான் ஞானஸ்நானம் வாங்கின யாரும் குடுக்கலாம். அது சபையோட சட்டம், நான் சொல்றது இல்ல. செல்லும். நான் குடுத்தா எவ்வளவு செல்லுமோ, பேராயர் குடுத்தா எவ்வளவு செல்லுமோ, அவ்வளவும் செல்லும்." அவள் முழங்கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அவள் தலையில் கை வைக்கவில்லை. கோட்டுப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு, காற்றுப் படாமல் அவளுக்கு இந்தப் பக்கமாக வந்து நின்றேன், அவள் முகத்தைத் திறக்கிறவரை நின்றேன். அப்புறம், ஐயர் என்ற முறையில் எனக்கு இதில் பாக்கி ஒரு வேலை இருப்பது நினைவு வந்தது.

"பதிவேட்டுல எழுதணுமே," என்றேன். "ஊருக்குப் போனதும் உங்க அம்மா சபையில எழுதச் சொல்லுதேன். இப்பம் அங்க இருக்கிற ஐயர் என்கிட்ட படிச்சவர்தான். பிள்ள பேரு?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நிலானி," என்றாள். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிகிறது. நான் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், நிலானி. "தகப்பன் பேரு?" "உங்களுக்குத் தெரியாதாக்கும்." "தெரிஞ்சாலும் கேக்கணும். அதுதான் முறை." "அன்ரன் யோகராசா." "தாய்?" "பியூலா." "ஞானஸ்நானம் குடுத்தது யாரு?" கீழே எங்கோ அடுத்த வண்டி கிளம்புகிற சத்தம். "நான்தான்," என்றாள். "நான்னு எழுத முடியாதும்மா. பேரைச் சொல்லு." "பியூலா," என்றாள், இந்தத் தடவை நிமிர்ந்து நின்று, சத்தமாக. மேட்டில் எப்சிபாவோடு போய்க்கொண்டிருந்த அன்ரன், தன் மனைவியை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நின்று திரும்பிப் பார்த்தான்.